காலி லாரிக்கும் டீசல் காசு நீங்கள்தான் கொடுக்கிறீர்கள்: குமரி மாவட்ட வியாபாரிகளுக்கு ஒரு திறந்த மடல்

குமரி மாவட்டத்து மொத்த வியாபாரிகள், கமிஷன் கடைக்காரர்கள், லாரி உரிமையாளர்கள், சரக்குக்கு லாரி பிடித்துக் கொடுக்கும் புக்கிங் ஆபீஸ் நடத்துபவர்கள் எல்லாருக்கும் வணக்கம்.

கோட்டாறு, வடசேரி, தோவாளை, தக்கலை, மார்த்தாண்டம், களியக்காவிளை என்று எங்கே கடை வைத்திருந்தாலும் இந்த மடல் உங்களுக்குத்தான். இதையெல்லாம் கலெக்டருக்கு எழுத வேண்டியதுதானே என்று கேட்பீர்கள். அவருக்குச் சொல்ல வேண்டியதும் கொஞ்சம் இருக்கிறது, அதைக் கடைசியில் சொல்கிறேன். ஆனால் ஒரு லாரி எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும், எதை ஏற்ற வேண்டும், திரும்பி வரும்போது காலியாக வருமா என்பதையெல்லாம் கலெக்டர் முடிவு செய்வதில்லை. டிரைவர் கையிலும் அது கிடையாது. சரக்குக்காரரும், அவர் போனில் கூப்பிடும் புக்கிங் ஆபீசும் பேசி முடிப்பதுதான் நடக்கிறது. மார்த்தாண்டத்தில் ஒரு புக்கிங் ஆபீசில் பல வருஷம் லோடு கணக்கு எழுதியவன் என்ற முறையில் இதைத் தைரியமாகச் சொல்கிறேன்.

கார்பன் உமிழ்வு என்று ஆரம்பித்தாலே, அது டெல்லிக்காரன் பாடு, நம்ம ஊரில்தான் மலையும் கடலும் காற்றாலையும் இருக்கிறதே என்கிறீர்கள். சரி. 2017 நவம்பர் 30ஆம் தேதி ஒக்கிப் புயல் அடித்தபோது சாய்ந்த வாழையும் ரப்பரும் எத்தனை என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கடலுக்குப் போய்த் திரும்பாதவர்களைப் பற்றிப் பேசவே வாய் வரவில்லை. அந்த ஒரு புயலுக்கும் லாரிப் புகைக்கும் நேராக முடிச்சுப் போட நான் விஞ்ஞானி இல்லை. கடல் சூடாகச் சூடாகப் புயல்களுக்கு வலு கூடுகிறது என்கிறார்கள் அதைப் படித்தவர்கள். கடலைச் சூடாக்கும் வாயுவில் நம் சரக்குத் தொழிலின் பங்கும் இருக்கிறது, அதில் பெரும்பங்கு டீசல் என்பது மட்டும் எனக்குத் தெரியும்.

நிதி ஆயோக் 2021இல் ஆர்.எம்.ஐ. என்ற அமைப்போடு சேர்ந்து சரக்குப் போக்குவரத்தைப் பற்றி ஓர் அறிக்கை வெளியிட்டது. நம் நாட்டுச் சரக்கில் ஏறக்குறைய 70 சதவீதம் சாலையில்தான் போகிறது. அனுப்பும் முறையை மாற்றினால் 2020 முதல் 2050 வரை மொத்தம் 1,000 கோடி டன் கரியமில வாயுவைத் தவிர்க்கலாம் என்று அதில் கணக்குப் போட்டிருக்கிறார்கள். இவ்வளவு பெரிய எண் யார் மண்டையிலும் ஏறாது. நம் ரோட்டுக்கு வருவோம்.

நாகர்கோவிலிலிருந்து திருவனந்தபுரம் சுமார் 70 கிலோமீட்டர். பத்துச் சக்கர லாரி ஒன்று அங்கே லோடு இறக்கிவிட்டுக் காலியாகத் திரும்புகிறது. காலி வண்டி லிட்டருக்கு ஐந்து கிலோமீட்டர் கொடுக்கிறது என்று வைத்துக்கொண்டால் 14 லிட்டர் டீசல். ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் சுமார் 2.7 கிலோ கரியமில வாயு வரும். (ஒரு லிட்டர் டீசலின் எடையே ஒரு கிலோ இல்லையே என்று ஒரு அண்ணாச்சி என்னை மடக்கினார். எரியும்போது காற்றிலிருக்கும் ஆக்சிஜனும் சேர்ந்துகொள்கிறது, எடை அங்கிருந்து வருகிறது.) ஆக, ஒன்றையும் சுமக்காத ஒரு வண்டி வீடு திரும்ப 38 கிலோ வாயு, 1,250 ரூபாய்க்கு மேல் டீசல் செலவு. அப்படி ஒரு நாளைக்கு நூறு வண்டி திரும்பினால் நாலு டன்னுக்குக் கொஞ்சம் குறைவு. களியக்காவிளையில் ஒரு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து தார்ப்பாய் சுருட்டிக் கட்டிய வண்டிகளை எண்ணிப் பாருங்கள், நூறு என்பது அதிகமா குறைவா என்று நீங்களே சொல்வீர்கள்.

இந்த 1,250 ரூபாயை லாரிக்காரர் தன் கையிலிருந்து போடுகிறார் என்று நினைக்க வேண்டாம். போகிற வாடகையிலேயே வருகிற செலவும் ஏறியிருக்கிறது. ஏத்தன் வாழைக்குலைக்கு நீங்கள் கொடுக்கும் வண்டி வாடகையில் அந்தக் காலி ஓட்டமும் அடக்கம்.

ரிட்டர்ன் லோடு கிடைக்காதா என்றால், கிடைக்கும். நம் மாவட்டத்துக்குச் சரக்கு நாலு பக்கமிருந்தும் வருகிறது. காவல்கிணறு, ஆரல்வாய்மொழி வழியாகக் காய்கறியும் வாழைக்குலையும் பூவும் சிமெண்டும் வருகின்றன. அதில் ஒரு பங்கு இங்கே தங்கும், மீதி மேற்கே கேரளத்துக்குப் போகும். நம்மிடமிருந்து ரப்பர் ஷீட், தேங்காய், கயிறு, செங்கல், மீன் எல்லாம் வெளியே போகின்றன. திருநெல்வேலியிலிருந்து காய்கறி கொண்டுவந்த வண்டி வடசேரியில் இறக்கிவிட்டுக் காலியாக ஆரல்வாய்மொழி ஏறும் அதே காலையில், மார்த்தாண்டத்தில் ஒருவர் மதுரைக்குத் தேங்காய் அனுப்ப வண்டி தேடிக்கொண்டிருப்பார். இரண்டு பேருக்கும் ஒருவரை ஒருவர் தெரியாது. தெரிந்தாலும் சொல்ல மாட்டார்கள், ஏனென்றால் நம் லோடு எங்கே போகிறது என்று பக்கத்துக் கடைக்காரருக்குத் தெரிந்தால் சரக்கு வாங்கும் பார்ட்டி கைமாறிவிடும் என்ற பயம். எங்கள் ஆபீசிலேயே டிரிப் ஷீட்டைக் கவிழ்த்து வைத்துத்தான் பேசுவோம்.

அந்தப் பயம் முழுக்க வீண் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் வண்டி தேடுவதற்குச் சரக்கு யாருடையது, என்ன விலை, யாருக்குப் போகிறது என்பது எதுவும் வேண்டாம். எங்கிருந்து எங்கே, எத்தனை டன், என்றைக்கு, இவ்வளவு போதும். இதை மார்த்தாண்டம், வடசேரி, தோவாளை, கோட்டாறு ஆகிய நாலு சந்தைச் சங்கமும் சேர்ந்து ஒரே இடத்தில் எழுதிவைத்தால், காலியாகத் திரும்பும் வண்டிகளில் ஒரு பங்காவது லோடோடு போகும். தனியார் செயலிகள் இந்த வேலையைச் செய்யத்தான் செய்கின்றன. ஆனால் அவை பெங்களூர், சென்னை என்று நீண்ட தூர லோடுக்கு நல்லது. எழுபது, எண்பது கிலோமீட்டர் ஓட்டத்துக்கு நம் ஆட்கள் இன்னும் போனில் முகம் தெரிந்தவரைத்தான் கூப்பிடுகிறார்கள்.

பில் பிரச்சினை வரும் என்று ஒரு சாக்கு உண்டு. இரண்டு மூன்று பேர் சரக்கு ஒரே வண்டியில் போனால் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒருங்கிணைந்த இ-வே பில் (சரக்கு கொண்டுபோக ஜி.எஸ்.டி.யில் போடும் மின்னணுச் சீட்டு) போட வசதி இருக்கிறது. வாழைக்குலை, பச்சைக் காய்கறி, உதிரிப் பூ ஆகியவற்றுக்கு வரியே இல்லாததால் இ-வே பில்லும் தேவையில்லை. ஆகவே பூவையும் குலையையும் சேர்த்து அனுப்பாததற்குப் பில்லைக் காரணம் காட்ட முடியாது.

தோவாளைப் பூச்சந்தையைத் தனியாகச் சொல்ல வேண்டும். பூ எடை குறைந்த சரக்கு, இடம்தான் அடைக்கும். விடிவதற்கு முன்னே சந்தை கூடி, ஏலம் பேசி, ஆளுக்கொரு வண்டியில் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றிக்கொண்டு திருவனந்தபுரம் பக்கம் பறக்கிறார்கள். பறப்பது என்பதைக் கூட்டிச் சொல்லவில்லை, அந்த நேரத்தில் தக்கலை ரோட்டில் நடந்து பார்த்தவர்களுக்குத் தெரியும். வேகம் கூடக் கூட டீசலும் கூடும், விபத்தும் கூடும். ஒரே திசையில் போகும் நாலு கடைக்காரர்கள் சேர்ந்து ஒரு பெரிய வண்டி வைத்தால் வாடகையும் குறையும், ரோட்டில் மூன்று வண்டியும் குறையும். ஓணம் சீசனில் வண்டி கிடைக்காமல் திண்டாடும்போது இதைச் செய்கிறீர்கள்தானே? மற்ற மாதங்களில் ஏன் முடியாது?

எல்லாரையும் ஒரே தட்டில் வைக்கவும் கூடாது. தேங்காய்ப்பட்டணத்திலிருந்தும் குளச்சலிலிருந்தும் மீன் ஏற்றிப் போகும் வண்டி, திரும்பும்போது அரிசி மூட்டை ஏற்ற முடியாது. அந்த வாடைக்கு யார் சரக்குக் கொடுப்பார்கள்? மீன் வண்டிக்காரர்களிடம் நான் கேட்பது வேறு. கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுக்குத் தடை, மேற்குக் கடற்கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை தடை. இரண்டு தடையும் வரும் மாவட்டம் நம்முடையது. கிழக்குப் பக்கம் சின்னமுட்டத்தில் படகு கட்டியிருக்கும்போது மேற்குப் பக்கம் குளச்சலிலிருந்தும், குளச்சலில் கட்டியிருக்கும்போது சின்னமுட்டத்திலிருந்தும் மீன் போகிறது. எந்த மாதம் எந்தப் பக்கம் சரக்கு என்று நாள்காட்டியிலேயே இருக்கும்போது, வண்டியையும் ஐஸையும் முன்கூட்டியே அந்தப் பக்கம் நிறுத்தாமல் தினமும் காலிப் பெட்டியோடு மாவட்டத்தைக் குறுக்கே ஓடுவது ஏன்?

ரிட்டர்ன் லோடு என்று பேசும்போது ஒரு கசப்பையும் சொல்லிவிடுகிறேன். கேரளத்திலிருந்து காலியாக வரும் வண்டிகளில் கோழிக்கழிவும் ஆஸ்பத்திரிக் கழிவும் ஏற்றிவந்து நம் குளத்தங்கரையில் கொட்டிவிட்டுப் போகிறவர்கள் இருக்கிறார்கள். 2024 டிசம்பரில் திருநெல்வேலி மாவட்டத்தில் கொட்டிய மருத்துவக் கழிவை, பசுமைத் தீர்ப்பாயம் சொன்ன பிறகு கேரளமே வந்து அள்ளிக்கொண்டு போனது. காலி வண்டிக்கு நல்ல சரக்கு கிடைக்காத இடத்தில் இந்த மாதிரிச் சரக்குதான் வந்து உட்காரும்.

அடுத்தது ஓவர்லோடு. ஜல்லியும் எம்-சாண்டும் பாறையும் ஏற்றி நம் வழியாக மேற்கே போகும் டாரஸ் என்ற பெரிய லாரிகளைப் பற்றி ஊரே பேசுகிறது, பலமுறை மறியலும் நடந்தாயிற்று. இதில் சில லாரி உரிமையாளர்கள் என்னிடம் ஒரு நியாயம் சொல்கிறார்கள்: "நாலு டன் கூட ஏற்றினால் ட்ரிப் குறையும், டீசலும் குறையும், உங்கள் கார்பன் கணக்குக்கு நல்லதுதானே?" கேட்கச் சரியாகத்தான் இருக்கிறது. அந்த ஒரு வண்டியை மட்டும் பார்த்தால் டன்னுக்கான டீசல் உண்மையிலேயே குறையும்.

ஆனால் ரோடு என்ன ஆகிறது? 1950களின் கடைசியில் அமெரிக்காவில் இதற்கென்றே ரோடு போட்டு, அதன்மேல் லாரிகளை ஓட்டிச் சோதித்தார்கள். அச்சு ஒன்றின் மேல் விழும் எடை கூடினால் ரோட்டுக்கு ஆகும் சேதம் ஏறக்குறைய நான்காம் அடுக்கில் கூடுகிறது என்று தெரிந்தது. 20 சதவீதம் எடை கூடினால் சேதம் இரண்டு மடங்கு. எடை இரண்டு மடங்கானால் சேதம் பதினாறு மடங்கு. குழி விழுந்த ரோட்டில் பின்னால் வரும் பஸ், டெம்போ, ஆம்புலன்ஸ் எல்லாம் கியர் மாற்றி மாற்றி டீசல் குடிக்கின்றன. அப்புறம் அந்த ரோட்டைத் திரும்பப் போட வேண்டும், அதற்குத் தார், ஜல்லி, அதைக் கொண்டுவர இன்னும் லாரி. ஒரு வண்டி மிச்சம் பிடித்த டீசலை ஆயிரம் வண்டிகள் சேர்ந்து எரிக்கின்றன.

2018இலேயே மத்திய அரசு எடை வரம்பை உயர்த்திவிட்டது. பத்துச் சக்கர லாரிக்கு வண்டி எடையும் சேர்த்து 25 டன் என்றிருந்தது 28.5 டன் ஆனது. அதற்கு மேலும் ஏற்றினால் மோட்டார் வாகனச் சட்டம் 194ஆம் பிரிவில் 20,000 ரூபாய் அபராதம், கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாய். ஓட்டியவரைப் போலவே ஓட்டவைத்தவரும் அதில் வருவார். நடைமுறையில் எடைமேடையில் டிரைவர் மட்டும் நிற்கிறார், லோடு கொடுத்தவர் வீட்டில் தூங்குகிறார். சங்கங்கள் நினைத்தால் ஒரு விதி போடலாம்: எடைச்சீட்டு இல்லாத லோடுக்கு எங்கள் உறுப்பினர் வண்டி கொடுக்க மாட்டார். ஒரு சங்கம் மட்டும் போட்டால் லோடு அடுத்தவருக்குப் போய்விடும். அதனால்தான் எல்லாருக்கும் சேர்த்து எழுதுகிறேன்.

மூன்றாவது, காத்திருப்பு. சந்தைக்கு வரும் வண்டிகள் எல்லாம் ஒரே நேரத்துக்கு வந்து குவிகின்றன. லோடுமேன்கள் அத்தனை வண்டிக்கும் ஒரே சமயம் எப்படி இறக்குவார்கள்? வண்டிகள் வரிசையில் நிற்கும், நகரும், மறுபடி நிற்கும், இன்ஜின் ஓடிக்கொண்டே இருக்கும். 2025 அக்டோபர் 1 முதல் தயாராகும் புது லாரிகளில் டிரைவர் கேபினுக்கு ஏ.சி. கட்டாயமாகிவிட்டது. மே மாத வெயிலில் இரும்புப் பெட்டிக்குள் வேகிறவருக்கு அது கிடைக்க வேண்டியதுதான், ஒரு ஆட்சேபணையும் இல்லை. ஆனால் நிற்கும் வண்டியில் ஏ.சி. ஓட இன்ஜின் ஓட வேண்டும். இனி நீங்கள் காக்க வைக்கும் ஒவ்வொரு மணி நேரமும் முன்னைவிட அதிக டீசல். வண்டி காத்து நிற்பதற்கான ஹால்டிங் காசு கொடுக்காமல் இழுத்தடிக்கும் பழக்கம் நம் ஊரில் நிறைய. ஏற்றவும் இறக்கவும் நேரம் குறித்துக் கொடுங்கள், நேரம் தாண்டினால் ஹால்டிங் கொடுங்கள். காசு போகும் என்று தெரிந்தால் குடோன் கதவு தானாகவே சீக்கிரம் திறக்கும்.

காத்திருப்பை ஒழிக்கவே முடியாது என்றும் சொல்லாதீர்கள். 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்தது, வணிகவரிச் சோதனைச்சாவடிகளை எடுத்தார்கள். கேரளப் பக்கம் அமரவிளைச் சாவடியில் இரவெல்லாம் கிடந்த வரிசை உங்களுக்கு ஞாபகம் இருக்கும். அது போனது ஒரு நிர்வாக முடிவால்தான், புது லாரி வாங்கியதால் இல்லை. ஜி.எஸ்.டி. மேல் உங்களுக்கு இருக்கும் மற்றக் கோபங்களை இங்கே இழுக்க வேண்டாம்.

மின்சார லாரி பற்றி எல்லாரும் கேட்கிறார்கள், சுருக்கமாகச் சொல்கிறேன். பெரிய மின்சார லாரிக்கு மத்திய அரசின் பி.எம். இ-டிரைவ் திட்டத்தில் அதிகபட்சம் 9.6 லட்சம் ரூபாய் மானியம் உண்டு, ஆனால் பழைய லாரியை உடைக்கக் கொடுத்த சான்றிதழ் வேண்டும். ஒன்று, இரண்டு லாரி வைத்திருப்பவர் இப்போதைக்கு அந்தப் பக்கம் போக மாட்டார். குட்டியானை அளவு வண்டிகளில் கதை வேறு. டாடா ஏஸின் மின்சார வண்டி 2022லேயே வந்துவிட்டது. கோட்டாறிலிருந்து நாகர்கோவிலைச் சுற்றியுள்ள மளிகைக் கடைகளுக்குச் சரக்குப் போடும் வண்டி நாள் முழுக்க ஓடினாலும் தூரம் கொஞ்சம்தான், ராத்திரி கடை வாசலிலேயே சார்ஜ் போடலாம். நாட்டின் மின்சாரத்தில் பெரும்பங்கு இன்னும் நிலக்கரியிலிருந்து வருவதால் அதைப் புகையே இல்லாத வண்டி என்று விளம்பரம் மாதிரிச் சொல்ல மாட்டேன். ஆனால் காற்றாலைகள் நிற்கும் முப்பந்தலில் காற்று வீசும் மே முதல் செப்டம்பர் வரை, நம் வாசலிலேயே உற்பத்தியாகும் மின்சாரம் அது. கோட்டாறு வியாபாரிகள் பத்துப் பேர் சேர்ந்து ஆரம்பித்தால் மற்றவர்கள் பார்த்துக் கற்றுக்கொள்வார்கள்.

ரயிலைத்தான் நாம் மறந்தே போனோம். மூடிய வேகன்கள் கொண்ட ஒரு சரக்கு ரயில் சுமார் 2,600 டன் ஏற்றும். இருபது டன் லாரியாகப் பார்த்தால் 130 வண்டி. நாகர்கோவிலுக்கு ரேஷன் அரிசி அப்படித்தான் வருகிறது. ஆனால் தனி வியாபாரி யாராலும் ஒரு ரயிலை நிரப்ப முடியாது, சேர்ந்தால்தான் முடியும். மதுரையிலிருந்து நாகர்கோவில் வரை இரட்டைப் பாதை வந்துவிட்டது, திருவனந்தபுரம் பக்கம் வேலை நடக்கிறது. 2025 மே 2ஆம் தேதி திருவனந்தபுரத்துக்குப் பக்கத்து விழிஞ்ஞம் துறைமுகத்தை முறைப்படி திறந்தார்கள். அங்கிருந்து பாலராமபுரத்துக்கு 10.7 கிலோமீட்டர் ரயில் பாதை, பெரும்பகுதி சுரங்கமாக, திட்டத்தில் இருக்கிறது. பாலராமபுரம் நம் நாகர்கோவில் பாதையில் உள்ள ஊர். இதுவரை கப்பலிலிருந்து கப்பலுக்கு மாற்றும் கண்டெய்னர்தான் அங்கே பிரதானம். கரை வழிச் சரக்குப் பெருகும்போது, இரணியலிலோ நாகர்கோவிலிலோ ஏற்ற இடம் இல்லையென்றால் அத்தனை கண்டெய்னரும் மார்த்தாண்டம் வழியாகத்தான் டிரெய்லரில் போகும். இப்போதே மார்த்தாண்டம் எப்படி இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியும். நாலுவழிச்சாலை மண் கிடைக்காமல் வருஷக்கணக்கில் இழுத்த கதையும் தெரியும், அதை நம்பி உட்கார முடியாது.

1860 வாக்கில் திருவிதாங்கூர் மன்னர், அனந்த விக்டோரியா மார்த்தாண்டன் என்ற கால்வாயை வெட்டியதே சரக்குப் படகு போகத்தான். தேங்காய்ப்பட்டணத்துக்கும் குளச்சலுக்கும் இடையே இன்று அது தூர்ந்து கிடக்கிறது. அதைத் திரும்பக் கொண்டுவரலாம் என்று கனவு காண்கிறவர்கள் இருக்கிறார்கள், எனக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை. இருக்கிற தண்டவாளத்தையாவது பயன்படுத்துவோம்.

கலெக்டருக்கும் மாவட்ட நிர்வாகத்துக்கும் இரண்டே விஷயம். பள்ளி நேரத்தில் கனரக வண்டிகளை நிறுத்துவது சரி, அதில் ஒரு தளர்வும் வேண்டாம். ஆனால் நிறுத்திய வண்டிகள் ரோட்டோரத்தில் இன்ஜினை ஓடவிட்டுக்கொண்டு நிற்காமல் இருக்க, ஆரல்வாய்மொழிப் பக்கம் ஒன்றும் களியக்காவிளைப் பக்கம் ஒன்றுமாகக் கழிப்பறையும் நிழலும் உள்ள லாரிப்பேட்டை வேண்டும். அங்கேயே எடைமேடையும் இருக்கட்டும். இன்னொன்று, சரக்கு ரயிலில் ஏற்றி இறக்கும் இடத்தைப் பற்றி ரயில்வேயோடு பேசும்போது வியாபாரிகளையும் கூப்பிட்டு வையுங்கள்.

மீதி உங்கள் வேலை, அண்ணாச்சிமாரே. வருகிற ஓணம் சீசனுக்கு இரண்டு மாதம் முன்னால் நாலு சந்தைச் சங்கங்களும் லாரி உரிமையாளர் சங்கங்களும் ஒரே ஒரு நாள் உட்காருங்கள். மார்த்தாண்டம், வடசேரி, தோவாளை, கோட்டாறு ஆகிய நாலு இடத்துக்கும் ஒரே லோடு பதிவேடு, அதைப் பார்த்துக்கொள்ள இரண்டு சம்பளப் பிள்ளைகள், ஒரு போன் நம்பர். அந்தச் சம்பளத்தை நாலு சங்கமும் பங்கு போட்டுக்கொண்டால் ஒவ்வொருவருக்கும் விழும் தொகை சின்னது. ஓணம் முடிந்ததும் எத்தனை வண்டி லோடோடு திரும்பியது என்று கூட்டிப் பாருங்கள். பிரயோசனம் இல்லையென்றால் நிறுத்திவிடலாம். பதிவேடு எப்படிக் கோடு போடுவது, எந்தக் கட்டத்தில் எதை எழுதுவது என்று அந்தப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க நான் வருகிறேன், அதற்குச் சம்பளம் வேண்டாம். டீ மட்டும் போதும், சீனி குறைவாக.

இப்படிக்கு,
முன்னாள் லாரி புக்கிங் ஆபீஸ் கணக்குப்பிள்ளை,
மார்த்தாண்டம்